ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு தனிக் கோப்பு

மட்டக்களப்பில் ஒரு சர்வர், கல்முனையில் ஒன்று. இரண்டையும் அன்சிபிளில்தான் (Ansible, பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி) பார்த்துக்கொள்கிறேன். போர்ட் மட்டும் வேறு: மட்டக்களப்பில் 80, கல்முனையில் 8080. இதற்காக இரண்டு பிளேபுக் (சர்வரில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) எழுத வேண்டாம். சர்வர்களின் பெயர்கள் இருக்கும் இன்வென்டரி கோப்புக்குப் பக்கத்திலேயே 'host_vars' (ஹோஸ்ட்_வார்ஸ்) ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் சர்வரின் பெயரில் ஒரு யாமல் (.yml) கோப்பு வைத்து, போர்ட் எண்ணை அதில் எழுதுங்கள். பல சர்வர்களைச் சேர்த்த குரூப்புக்குக் கொடுத்த மதிப்பை விட இதற்குத்தான் முன்னுரிமை.

கோப்பின் பெயர் (.yml நீங்கலாக) இன்வென்டரியில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் அன்சிபிள் சத்தமே போடாமல் அந்தக் கோப்பை விட்டுவிடும். நான் ஒரு மத்தியானம் முழுக்க மண்டையை உடைத்தது இதில்தான். சரி, எந்த மதிப்பு போகிறது என்று முதலே பார்க்க, 'ansible-inventory' கட்டளையை '--host' தெரிவோடு சர்வரின் பெயர் கொடுத்து ஓட்டுங்கள். பாஸ்வேர்டுகளை மட்டும் வால்ட்டில் (அன்சிபிளின் மறையாக்க வசதி) பூட்டி வையுங்கள்.