ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் மோதிவிட்டதா? அடுத்து வரும் தவறுகளைத் தவிர்ப்பது எப்படி?

கார் மோதி நின்றதும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். இறங்கி, முன்பக்கம் சுற்றிவந்து, உடைந்த இடத்தைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். பம்பர் தொங்குகிறது, ஒரு விளக்கு நொறுங்கியிருக்கிறது, பானட் மடிந்திருக்கிறது. ஒருவர் ‘நல்லவேளை, இவ்வளவுதானே’ என்று மூச்சு விடுவார். இன்னொருவர் ‘எல்லாம் போயிற்று’ என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். இருவருமே கண்ணை நம்பி ஏமாறுகிறவர்கள். ஸ்போர்ட்ஸ் காரில் வெளியே தெரியும் பாகங்களில் பெரும்பாலானவை கழற்றி மாட்டக்கூடியவை. அவை பயங்கரமாக நொறுங்கியிருந்தும் கார் பிழைத்துக்கொள்ளலாம். ஒரு கீறல்கூடத் தெரியாமல், காரின் எலும்புக்கூடான சட்டம் (சேஸி) உள்ளே கோணியிருக்கவும் கூடும். மோதலுக்குப் பிறகு நடக்கும் பெரிய தவறுகளில் பல, கண்ணில் பட்டதை மட்டும் வைத்து அவசரமாக முடிவெடுப்பதால் வருகின்றன.

இந்தத் தவறு காரில் தொடங்குவதில்லை, ஓட்டியவரின் உடம்பில் தொடங்குகிறது. பதற்றத்தில் வலி தெரியாது. கழுத்துச் சுளுக்கு மறுநாள் காலையில்தான் முகம் காட்டும். தலையில் உள்காயம் இருந்தால் தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் சில மணி நேரம் கழித்தே வரலாம். காரைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுக்கும் ஆள் தன்னைப் பரிசோதித்துக்கொள்ள மறந்துவிடுகிறார். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அந்த இடத்திலேயே யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

அடுத்தது, ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை. ‘இன்ஜின் ஓடினால் போதும், மனசு ஆறும்’ என்று சாவியைத் திருப்புகிறார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் இது மிகவும் ஆபத்தான ஆறுதல். ரேடியேட்டர்களும் ஆயில் கூலரும் பெரும்பாலும் முன்பம்பருக்குப் பின்னால், தரையை ஒட்டி இருக்கும். இன்ஜின் நடுவிலோ பின்னாலோ இருக்கும் கார்கள் பலவற்றில் கூலன்ட் குழாய்கள் காரின் அடிப்பகுதி முழுக்க ஓடும். முன்னால் அடிபட்டுக் கூலன்ட் கொட்டிப்போன காரில் இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டினாலே அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடக்கூடும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் உடைந்திருந்தால் அவ்வளவு நேரம்கூடத் தாங்காது. கார் கவிழ்ந்து நிமிர்த்தப்பட்டிருந்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். மோதலில் தப்பித்த இன்ஜினை இப்படித் தன் கையால் கெடுத்தவர்கள் உண்டு.

ஹைபிரிட் அல்லது மின்சார ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள். அடிபட்ட லித்தியம் பேட்டரி மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் கழித்தும் தீப்பிடிக்கலாம். அதனால் அந்தக் காரை வீட்டை ஒட்டியோ மற்ற வண்டிகளுக்கு நடுவிலோ நிறுத்தக்கூடாது. எல்லாப் பக்கமும் சுமார் 15 மீட்டர் இடைவெளி விட்டு, திறந்தவெளியில் நிறுத்தச் சொல்வது வழக்கம்.

இழுத்துச் செல்லும் வண்டி வந்ததும் ஒதுங்கி நிற்காதீர்கள். தரைக்கும் காருக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லாத வண்டியைச் சங்கிலி போட்டு இழுத்தால், மோதலில் உடையாதவை அங்கே உடையும். காரை முழுதாக மேடையில் ஏற்றும் லாரிதான் வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் காரை இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் பாழாகும். கொக்கியை மாட்டும் இடம், பெரும்பாலும் டூல் பையில் இருக்கும், திருகிப் பொருத்தும் வளையம்தான். சஸ்பென்ஷன் கை அல்ல. இதை நீங்கள் சொல்லாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

படம் எடுப்பதிலும் உடைந்த இடத்தையே எல்லோரும் சுற்றுகிறார்கள். வழக்குக்கும் காப்பீட்டுக்கும் பயன்படுவது சுற்றுப்புறம்: சாலையின் முழுத் தோற்றம், பிரேக் தடம், ஈரம், மணல், எண்ணெய்க் கறை, சக்கரங்கள் திரும்பி நின்ற கோணம், டயர்களின் தேய்மானம். கார் நகர்த்தப்படுமுன் இவற்றை எடுத்துவிட வேண்டும்.

‘நாய் குறுக்கே வந்தது’ என்ற பழைய கதையையும் விட்டுவிடுங்கள். நாய் உண்மையிலேயே வந்திருந்தால் வேறு விஷயம். இன்றைய கார்கள் பலவற்றில் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கருவியே மோதலுக்கு முந்தைய சுமார் 5 விநாடி விவரத்தைப் பதிவு செய்துவைக்கிறது: வேகம், ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினீர்கள், பிரேக்கைத் தொட்டீர்களா. சொன்ன கதையும் பதிவும் ஒத்துப்போகாவிட்டால், நியாயமாகக் கிடைக்க வேண்டிய பணமும் கிடைக்காமல் போகும். அதற்காகச் சம்பவ இடத்தில் நின்று, ‘தப்பு என்னுடையதுதான்’ என்று எல்லோரிடமும் அறிவிக்கத் தேவையில்லை. நடந்ததை உரியவர்களிடம் நடந்தபடி சொல்லுங்கள், போதும். சமூக ஊடகத்தில் இரங்கல் பதிவு வேண்டவே வேண்டாம்.

சட்டத்தை அளக்காமல் பேசும் விலை

இனி வருவதுதான் பணத்தையும் உயிரையும் தின்னும் தவறு. ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்கிறார், உரிமையாளர் தலையாட்டுகிறார். எதையும் கழற்றாமல், எதையும் அளக்காமல் சொல்லும் தொகைக்கு அர்த்தமில்லை. பம்பரையும் ஃபெண்டரையும் கழற்றிய பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். தயாரிப்பாளர் கொடுத்த அளவுப்புள்ளிகளை வைத்து, காரை அளவு பெஞ்சில், அதாவது சட்டத்தை அளக்கும் மேடையில், ஏற்றிப் பார்க்க வேண்டும். பொதுவாக 3 மில்லிமீட்டருக்குள் விலகல் இருந்தால் ஏற்பார்கள்; அதற்கு மேல் போனால், எத்தனை முறை வீல் அலைன்மென்ட் செய்தாலும் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகக்கூடும்.

அளப்பதற்கு முன்பே நீங்களாகப் பார்க்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. முன்சக்கரத்தின் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தண்டு) மேலே வந்து சேரும் டவரில், தகடுகள் இணையும் ஓரத்தில் தொழிற்சாலையில் பூசிய சீலர் இருக்கும். டார்ச் அடித்து அதை விரலால் தொடர்ந்து பாருங்கள். சீலரில் மயிரிழை விரிசலோ, பக்கத்துப் பெயின்டில் சின்னச் சுருக்கமோ தெரிந்தால், மோதலின் விசை பம்பரைத் தாண்டி அங்குவரை வந்திருக்கிறது. கதவுக்கும் ஃபெண்டருக்கும் இடையிலான இடுக்கு மேலே குறுகி கீழே அகன்றிருந்தாலும் அதே செய்திதான்.

‘டிங்கரிங் செய்து நிமிர்த்திவிடலாம்’ என்ற பேச்சு பழைய இரும்புக் கார்களின் காலத்தது. இப்போது கதவுத் தூண்களில் இருக்கும் போரான் எஃகை (போரான் சேர்த்த மிக வலுவான எஃகை) சூடாக்கி நிமிர்த்தினால் நிமிரும். ஆனால் வலு போய்விடும். அதை வெட்டி எடுத்துப் புதிது வைப்பதுதான் முறை. 1996இல் வந்த லோட்டஸ் எலீஸ் காரின் சட்டம் அலுமினியத் துண்டுகளை எபாக்ஸி பசையால் ஒட்டிச் செய்தது. அதில் வெல்டிங் சூடு பட்டால் பசையும் போகும், அலுமினியத்தின் உறுதியும் குறையும். அலுமினிய வேலைக்குத் தனிக் கருவிகள், தனி இடம் வேண்டும். இரும்புத் தூள் ஒட்டினால் பெயின்டுக்கு அடியில் அரிப்பு தொடங்கும். அந்த இடவசதி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

கார்பன் ஃபைபர் இன்னும் தந்திரமானது. அது வளைந்து காட்டிக்கொடுக்காது. மேலே பளபளப்பாக இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவதுபோல, நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் ‘டக்’ என்றும் பிரிந்த இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும். ஆனால் அது சந்தேகம் எழுப்பத்தான் உதவும். தீர்ப்பு சொல்ல அல்ட்ராசவுண்ட் சோதனை வேண்டும்.

ஏர்பேக்குகளோடு சேர்த்து, சீட் பெல்ட்டை இறுக்கும் சிறு வெடிகருவியும் ஒருமுறைதான் வேலை செய்யும். வெடித்த பெல்ட்டை அப்படியே சுருட்டி விட்டு, டாஷ்போர்டில் எரியும் விளக்கை மட்டும் அணைத்துக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பாகத்தின் ரசீதையும் பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

காப்பீடும் கணக்கும்

பாலிசியில் இருப்பது சந்தை மதிப்பா, முன்கூட்டி ஒப்புக்கொண்ட மதிப்பா என்பதைப் பலர் மோதிய பிறகுதான் படிக்கிறார்கள். சந்தை மதிப்பு என்றால் முதலில் சொல்லும் தொகையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே மாடல், அதே ஆண்டு, அதே கியர்பாக்ஸ் கொண்ட கார்களின் விற்பனை விளம்பரங்களையும் உங்கள் பராமரிப்புப் பதிவுகளையும் காட்டி வாதாடலாம். மாற்றிப் பொருத்திய எக்ஸாஸ்ட், டர்போ போன்றவற்றைத் தெரிவிக்காமல் விட்டிருந்தால் சிக்கல் வரும். பந்தயத் தடத்தில் நடந்த மோதலைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. பாகங்களைக் கழற்றிப் பார்க்குமுன் ‘இதுவே இறுதித் தொகை’ என்ற தாளில் கையெழுத்திட வேண்டாம். கழற்றிய பிறகு தெரியவரும் சேதத்துக்குக் கூடுதலாகக் கேட்கும் வழி அதோடு அடைபட்டுவிடும். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது கார் நிற்கும் இடத்துக்கு நாள் வாடகை ஏறுகிறதா என்றும் விசாரியுங்கள்.

சரிசெய்வதா, கைவிடுவதா? ‘அடிபட்ட கார் அடிபட்ட கார்தான், தள்ளிவிடு’ என்ற அறிவுரை எல்லாக் காருக்கும் பொருந்தாது. கார்பன் ஃபைபர் சட்டத்தோடு வந்த தொடக்ககாலச் சாலைக் கார்களில் ஒன்று, 1992இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1. நகைச்சுவை நடிகர் ரோவன் அட்கின்சன் தம்முடைய எஃப்1 காரை 2011இல் மரத்தில் மோதினார். பழுது பார்க்கும் செலவாகக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது சுமார் 9,10,000 பவுண்டு. வேலை ஓர் ஆண்டுக்கு மேல் நடந்தது. அதே கார் 2015இல் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றதாகச் செய்திகள் வந்தன. அங்கே கணக்கு சரிப்பட்டதற்குக் காரணம் இருந்தது: கார் அரிது, வேலையைச் செய்தது தயாரித்தவர்களே, ஒவ்வொரு கட்டமும் பதிவானது. ஆயிரக்கணக்கில் தயாரான மாடலுக்கு இந்த உதாரணத்தைக் காட்டி மனத்தைச் சமாதானப்படுத்த முடியாது. அதற்காக, பாசத்தால் நஷ்டத்துக்குச் சரிசெய்வது குற்றமும் அல்ல. அளவுத் தாள் கையில் இருக்கும்போது அந்த முடிவை எடுங்கள் என்பதுதான் என் பேச்சு.

மோதிய காரணத்தை ஆராயாமல் விடுவதும் வழக்கமான தவறு. ‘திடீரென வழுக்கியது’ என்பது காரணம் ஆகாது. இன்ஜின் பின்னால் இருக்கும் காரில் வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென விட்டால் பின்பக்கம் வெளியே வீசும். இது கற்றுத் திருத்தக்கூடியது. தடப்பந்தயத்துக்கு நெருக்கமான டயர்கள் சூடேறும்வரை, குறிப்பாகக் குளிரிலும் ஈரத்திலும், பிடிக்காது. நடிகர் பால் வாக்கர் பயணித்த போர்ஷே கரேரா ஜிடி 2013இல் மோதியபோது, விசாரணை வேகத்தைக் காரணமாகச் சொன்னதோடு 9 ஆண்டு பழைய டயர்களையும் சுட்டிக்காட்டியது. குறைவாக ஓடும் ஆசைக் கார்களில் டயர் தேயாமலே கிழடாகிவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன்கள் ஆழமாக இருக்கின்றன என்று கண் சொல்வதை இங்கேயும் நம்பாதீர்கள்.

வேலை முடிந்து காரை எடுக்கும்போது பெயின்ட் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். அளவு பெஞ்சின் அச்சுத் தாள், அலைன்மென்ட் தாள், ஏர்பேக் அமைப்பில் பிழை எதுவும் இல்லை என்ற ஸ்கேன் அறிக்கை, வேலை நடந்தபோது எடுத்த படங்கள், மாற்றிய பாகங்களின் ரசீதுகள் ஆகிய அனைத்தையும் கேட்டு வாங்கிய பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். நேர்ச்சாலையில் ஓட்டும்போது ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா, பிரேக் பிடிக்கும்போது இழுக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். என்றாவது விற்க நேர்ந்தால் இந்தக் கோப்பை வாங்குபவரிடம் காட்டிவிடுங்கள். மறைத்தாலும் பெயின்ட் தடிமன் மானியை வைத்தால், எந்தப் பாகத்தில் மறுபூச்சு நடந்தது என்று அவர் சில நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.