கண்மாயில் பழகிக் கடற்கரையில் காணுதல்: அரிய கரைப்பறவைகளை இனங்காணும் முறை

மதுரையிலிருந்து தனுஷ்கோடிக்குப் பறவை பார்க்கப் புறப்படுபவர்களில் பலர் முதல் பயணத்திலேயே அரிய பறவை ஒன்றைக் கண்டுவிட விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தில் தவறில்லை. ஆனால் அன்றாடம் காணும் பறவை கண்ணுக்கு மனப்பாடமானால்தான் அரியது தனித்துத் தெரியும். அதற்கு நம் ஊர்க் கண்மாய்களே போதும். வலசைக் காலத்தில், நீர் வடிந்து சேறு தெரியத் தொடங்கியதும், சாமநத்தம் கண்மாய்க் கரையில் வாரம் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள்.

முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டாம். குளிர்காலத்தில் வலசை வரும் கரைப்பறவைகள் பெரும்பாலும் சாம்பலும் பழுப்புமாகவே இருப்பதால், நிறத்தை நம்பினால் எல்லாம் ஒன்றாகவே தோன்றும். இரை தேடும் முறையே முதல் அடையாளம். உப்புக்கொத்தி சில அடி ஓடும், சட்டென நிற்கும், குனிந்து ஒரு கொத்துக் கொத்திவிட்டு மீண்டும் ஓடும். உள்ளானோ பெரும்பாலும் நடந்துகொண்டே சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். முன்னது கண்ணால் தேடுகிறது. பின்னது பெரிதும் அலகு நுனியின் உணர்வால் தேடுகிறது. அடுத்து அலகின் நீளத்தைத் தலையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு கால் நிறம், கடைசியாகப் பறக்கும்போது தெரியும் சிறகும் வாலும்.

இப்படிப் பழகிய கண்ணுக்குக் கடற்கரையில் வேற்றுமை தானாகப் படும். கண்மாயில் காணும் பட்டாணி உப்புக்கொத்திக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் உண்டு. கடற்கரைக் கெண்டிஷ் உப்புக்கொத்திக்கு அந்த வளையம் இல்லை. பிடரியில் வெண்பட்டை இருக்கும். பிடரியில் வெண்மையே இல்லையென்றால் அது மணல் உப்புக்கொத்தியா என்று பாருங்கள். நீண்ட அலகுடைய கரைப்பறவையான கருவால் மூக்கன் பறக்கையில் சிறகில் அகன்ற வெண்கோடும் வால்நுனியில் கருமையும் பளிச்சிடும். கடலோரத்துப் பட்டைவால் மூக்கனுக்கு அந்த வெண்கோடு இல்லை. கீழ்நோக்கி வளைந்த அலகுடைய கோட்டான்கள் (ஆந்தையல்ல, இவையும் கரைப்பறவைகளே) இரண்டு: தலையில் தெளிவான கோடுகள் இருந்தால் சின்னக் கோட்டான்; கோடற்ற தலையும் மிக நீண்டு வளைந்த அலகும் இருந்தால் குதிரைமலைக் கோட்டான்.

நான் அதிகம் தேடி அலைந்தது நண்டுதின்னிக்காக. தொலைவில் பார்த்தால் கண்மாயில் நாம் காணும் நெட்டைக்கால் உள்ளான் போலவே கருப்பும் வெள்ளையுமாகத் தெரியும். அலகைப் பார்த்த கணத்தில் ஐயம் தீர்ந்துவிடும்: உள்ளானுக்கு ஊசி போன்ற அலகு, இதற்கோ நண்டின் ஓட்டை உடைக்கத்தக்க, தடித்த கரிய அலகு. கால்கள் சிவப்பல்ல, நீலம் கலந்த சாம்பல் நிறம். ஒரு ஜனவரிக் காலையில் ஈரமணலில் அசையாமல் நின்றிருந்த பறவையொன்று நான்கு எட்டு ஓடி, வளைக்குள் நுழையவிருந்த நண்டைக் கவ்வி, காலொன்று உதிரும்வரை உதறி விழுங்கியதைப் பார்த்தேன். கரைப்பறவைகளுள் மணலில் வளை தோண்டி முட்டையிடுவது இது ஒன்றே. அரபிக்கடலையும் பாரசீக வளைகுடாவையும் ஒட்டிய கரைகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டு இங்கே வருகிறது.

தனுஷ்கோடிக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். வெயில் ஏறினால் கானல் அலகையும் காலையும் கலைத்துவிடுமாதலால், விடியலிலேயே அங்கு இருக்க வேண்டும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். மீனவர்கள் பெண்கடல் என்று அழைக்கும் பாக் நீரிணைப் பக்கத்தையும் ஆண்கடல் என்று அழைக்கும் மன்னார் வளைகுடாப் பக்கத்தையும் பாருங்கள். நீர் ஏறும்போது மேய்ச்சல் இடம் சுருங்கி, சிதறிய பறவைகள் ஓரிடத்தில் கூடும். ஒப்பிட்டுப் பார்க்க அதுவே நல்ல நேரம். கூட்டத்தில் ஒன்று தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து உடலில் கொழுப்புச் சேர்க்கும் பறவையை, ஒரு படத்துக்காக எழுப்பிவிடுவது பெரும் பிழை.

குறிப்பேட்டில் கண்டதை முதலில் எழுதி, அதன் பிறகே கையேட்டைத் திறக்க வேண்டும். கையேட்டைத் திறந்துவிட்டால், நாம் காணாத வெண்கோட்டையும் கண்டதாக மனம் சொல்லத் தொடங்கும். அலகு, கால், சிறகு மூன்றில் இரண்டேனும் தெளிவாகத் தெரியாவிட்டால் ‘உப்புக்கொத்தி, இனம் உறுதியில்லை’ என்று பதிவு செய்யுங்கள்.