வீவக வீட்டில் கோரிடோரஸ் கெளுத்தி: தொட்டி அமைப்பதும் குஞ்சு எடுப்பதும்

கோரிடோரஸ் வளர்க்க ஆசைப்படுபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது தொட்டியின் அளவைப் பற்றித்தான். சிங்கப்பூரில் அதற்கும் முன்பே பார்க்க வேண்டியது வெப்பமானி. குளிர்சாதனம் ஓடாத வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் தொட்டித் தண்ணீர் பகலில் எளிதாக 28 டிகிரியைத் தாண்டும். புழுக்கம் மிகுந்த மே மாதப் பிற்பகல்களில் 30-ஐயும் தொடும். இந்தக் கெளுத்திகளோ தென்னமெரிக்காவின் ஓடைகளுக்கும் ஆற்றோரங்களுக்கும் உரியவை. அவற்றுள் பல 22 முதல் 26 டிகிரி வரையிலான நீரில்தான் நலமாக இருக்கும். ஆகவே, எந்த வகையை வாங்குவது என்று சரியாக முடிவெடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

கோரிடோரஸைச் சுருக்கமாகக் கோரி என்பார்கள். நான் முதலில் பரிந்துரைப்பது ஸ்டெர்பாய் கோரி. கருத்த உடலில் வெள்ளைப் புள்ளிகளும் ஆரஞ்சு நிற மார்புத் துடுப்புகளும் கொண்ட இந்த மீன் 28 டிகிரி வரை சிரமமின்றித் தாங்கும். வெண்கலக் கோரியும் அதன் வெளிறிய அல்பினோ வகையும் விலை குறைந்தவை. பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை என்பதால் விசிறி பொருத்திய தொட்டியில் நன்றாகவே வாழும், முதன்முறை குஞ்சு எடுக்க நினைப்பவருக்கும் இவையே எளிது. பாண்டா கோரியின் முகத்துக்கு மயங்காதவர் குறைவு. நானும் மயங்கி ஆறு வாங்கினேன்; இரண்டு மாதத்துக்குள் நான்கு போய்விட்டன. பாண்டாவும், கடைகளில் பெப்பர்டு என்று விற்கப்படும் பாலியேட்டஸும் குளிர்ந்த நீருக்கு உரியவை; நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிக்குச் செலவிடத் தயாராக இல்லாதவர்கள் அவற்றைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ரசித்துவிட்டு வருவது நல்லது. 2024-இல் வெளியான வகைப்பாட்டு ஆய்வு ஒன்று இந்தப் பேரினத்தைப் பலவாகப் பிரித்து, வெண்கலக் கோரியை ஆஸ்டியோகாஸ்டர் என்ற பேரினத்திலும் ஸ்டெர்பாயை ஹாப்லிசோமா என்ற பேரினத்திலும் சேர்த்துவிட்டது. செராங்கூன் நார்த் மீன் கடைகளில் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் வேலை நடக்கும்.

ஆறு மீன்களுக்கு 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 36 உயரம் கொண்ட தொட்டி போதும். தரையில் மேயும் மீன் என்பதால் உயரத்தைவிடத் தரைப் பரப்புக்கே முக்கியத்துவம் கொடுங்கள். தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 60 கிலோ வரும். அதன்மேல் மணலும் கண்ணாடியும் சேரும்போது தொலைக்காட்சி மேசையின் மெல்லிய பலகை நடுவில் தொய்ந்துவிடும். எனவே இதற்கென்று செய்த தாங்கியையே பயன்படுத்த வேண்டும். வெயில் விழும் சன்னலோரத்தைத் தவிர்க்கவும்.

தொட்டியின் உயிர் அதன் மணலில் இருக்கிறது. கோரி இரை தேடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மீசையோடு முகத்தைக் கண் வரை மணலுக்குள் புதைத்து, ஒரு வாய் மணலை அள்ளி, உணவுத் துணுக்கை மட்டும் நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைச் செவுள்களின் வழியாக இருபுறமும் தூவிவிட்டு அடுத்த வாய்க்கு நகரும். கூர்மையான சரளைக் கற்களில் இந்த வேலை நடக்காது; கற்களின் இடுக்கில் உணவு தங்கி அழுகுவதால் மீசை தேய்ந்து புண்ணாகும். இங்கே எளிதில் கிடைக்கும் லாபிஸ் என்ற மென்மையான மணல் இதற்கு மிகவும் பொருத்தமானது. மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்ப எட்டுக் கிலோ தேவைப்படும். அரிசி களைவதுபோல் வாளியில் போட்டு, ஊற்றும் தண்ணீர் தெளிவாக வடியும் வரை, குறைந்தது பத்துத் தடவையாவது அலசுங்கள். அதன்மேல் ஒரு மரக்கட்டை, அதில் கட்டிய அனுபியாஸ் அல்லது ஜாவா ஃபெர்ன் செடி, ஓர் ஓரத்தில் நிழல் ஆகியவை இருந்தால் போதும். தரையில் பாதியாவது வெறும் மணலாக இருக்கட்டும்.

வடிகட்டுவதற்கு ஏர் பம்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே சிறந்தது. குஞ்சுகளை அது உறிஞ்சிக்கொள்ளாது. தொட்டியின் விளிம்பில் பொருத்தும் சிறு விசிறி, நீரை ஆவியாக்கி வெப்பத்தைக் குறைக்கிறது. நம் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் இரண்டு டிகிரிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அந்த இரண்டு டிகிரிதான் பல நேரங்களில் மீனைக் காப்பாற்றுகிறது. விசிறி ஓடும் தொட்டியைக் கண்ணாடி மூடியால் அடைக்க முடியாது. கோரி சில சமயம் துள்ளி விழும் என்பதால் மேலே வலை போட்டு, நீர்மட்டத்துக்கும் வலைக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். இந்த மீன்கள் அவ்வப்போது அம்புபோல் மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிக் குடலின் வழியே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அது அவற்றின் இயல்பு. எல்லா மீன்களும் நிமிடத்துக்கு ஒருமுறை அப்படிப் பாய்ந்தால் மட்டும் நீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

தண்ணீரைப் பற்றி நம் வீடுகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு: குழாய்த் தண்ணீரை வாளியில் ஓர் இரவு வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். இங்கே அது பலிக்காது. பொதுப் பயனீட்டுக் கழகம் விநியோகிக்கும் நீரில் இருப்பது குளோரமைன். அது ஓர் இரவில் ஆவியாகிப் போவதில்லை. குளோரமைனை நீக்கும் என்று போத்தலில் தெளிவாகக் குறிப்பிடப்பட்ட நீர்மருந்தை ஒவ்வொரு முறையும் சேர்த்தாக வேண்டும். மூடாமல் வைக்கும் வாளியில் கொசு முட்டையிட்டால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அபராதம் வேறு வரும். தொட்டியில் ஒரு கை கல்லுப்பு போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கோரிக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது.

மீன் விடுவதற்கு முன் தொட்டி நான்கு முதல் ஆறு வாரம் ஓட வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சில் குடியேற அவ்வளவு காலம் பிடிக்கும். நண்பரின் பழைய தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் இக்காலம் வெகுவாகக் குறையும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பிறகே கடைக்குப் போங்கள். ஒரே வகையில் ஆறு வாங்குங்கள். வகைக்கு இரண்டாக மூன்று வகை வாங்குவது வீண், ஏனெனில் இவை தம் இனத்தோடுதான் கூட்டம் சேரும். மீசை முழுமையாக இருக்கிறதா, வயிறு ஒட்டிப்போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கும்போது மார்புத் துடுப்பின் முள் விறைத்து வலையில் சிக்கிக்கொள்ளும். ஒரு கோப்பையால் அள்ளுவது மேல். அதே முள் விரலில் குத்தினால் கடுக்கும்.

எச்சத்தைத் தின்று பிழைக்கும் துப்புரவு மீன் என்று கோரியை விற்பவர்கள் அதைப் பட்டினி போடச் சொல்கிறார்கள் என்றே பொருள். மூழ்கும் வில்லைகளை விளக்கணைத்த பிறகு போடுங்கள். வாரம் இரண்டு முறை உறைந்த ரத்தப்புழு கொடுங்கள்.

இனி குஞ்சு எடுப்பதற்கு வருவோம். மேலிருந்து பார்த்தால் பெண் மீன் அகன்று உருண்டையாகவும், ஆண் மீன் ஒல்லியாகவும் தெரியும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் இருந்தால் நல்லது. பத்து நாள் ரத்தப்புழுவை நாள்தோறும் கொடுத்தால் பெண்ணின் வயிறு புடைத்து நிற்கும். அடுத்து வேண்டியது மழை. அவற்றின் தாயகத்தில் மழைக்காலம் தொடங்கும்போது ஆற்று நீர் குளிர்ந்து, தாதுக்கள் நீர்த்து, இரை பெருகும். அந்தக் குளிர்ச்சியை நாம் வாளியில் கொண்டுவர வேண்டும். கணக்கு இதுதான்: 50 லிட்டர் நீர் 28 டிகிரியில் இருக்கிறது, அதை 25-க்குக் கொண்டுவர வேண்டும் என்றால், 20 லிட்டரை எடுத்துவிட்டு 20 அல்லது 21 டிகிரியில் உள்ள 20 லிட்டரை ஊற்ற வேண்டும். ஒன்றரை லிட்டர் போத்தலில் கழுத்துக்குக் கீழே நிற்கும்படி தண்ணீர் நிரப்பி, உறைபெட்டியில் கல்லாக்கி, மூடியோடு அப்படியே நீர்மருந்து சேர்த்த 20 லிட்டர் வாளியில் போட்டு வைத்தால், பனிக்கட்டி கரைந்து முடியும்போது ஏறக்குறைய அந்த வெப்பநிலை வந்துவிடும். வெப்பமானியால் சரிபார்த்துவிட்டு, மெல்லிய குழாய் வழியாக அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறக்குங்கள். இதை மாலையில், இயன்றால் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாளில் செய்யுங்கள். முதல் நாள் பலிக்காவிட்டால் இரண்டு நாள் விட்டு மீண்டும் முயலுங்கள்.

மறுநாள் காலை ஆண்கள் பெண்ணை விடாமல் துரத்தும். பெண் கண்ணாடியை வாயால் துடைத்துச் சுத்தம் செய்யும். பிறகு ஆண் பக்கவாட்டில் நிற்க, பெண் அதன் வயிற்றருகே வாயை வைத்துச் சில விநாடி அசையாமல் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஆங்கில டி எழுத்தைப் போலத் தெரியும். வெண்கலக் கோரிப் பெண் அப்போது விந்தை வாயால் பருகி, அது குடலின் வழியே விரைந்து வெளியேறி முட்டைகளைச் சேர்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-இல் எழுதினார்கள். பெண் தன் வயிற்றுத் துடுப்புகளைக் கைகுவிப்பதுபோல் சேர்த்து, அதில் சில முட்டைகளை ஏந்திக்கொண்டு போய்க் கண்ணாடியிலோ இலையின் அடியிலோ ஒட்டும். ஒட்டி முடிந்ததும் பெற்றோரே அவற்றைத் தின்னத் தொடங்கிவிடுவதால் முட்டைகளை அன்றே பிரிக்க வேண்டும். நான் முதன்முறை அவசரப்பட்டு உடனே சுரண்டி, பாதியை நசுக்கிவிட்டேன். நான்கைந்து மணி நேரம் கழித்து ஓடு கெட்டிப்பட்டபின் விரல் நுனியால் உருட்டினால் முழுசாக வந்துவிடும்.

ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியில் தொட்டியின் நீரையே ஊற்றி, மெல்லக் குமிழி விடும் காற்றுக் குழாயும், நடைபாதையோரத்தில் விழுந்து காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஒன்றைக் கழுவியும் போடுங்கள். அதன் கறை பூஞ்சையை ஓரளவு தடுக்கும். வெள்ளையாக மாறும் முட்டை கெட்டது, உடனே எடுத்துவிடுங்கள். நல்ல முட்டை தேன் நிறம் கொள்ளும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும். அடுத்த இரண்டு நாள் குஞ்சு தன் மஞ்சள் கருவையே உண்ணும்; அதன்பின் மைக்ரோவார்ம் என்ற நுண்புழுவும் அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா என்ற சின்னஞ்சிறு உப்புநீர் இறாலும் தர வேண்டும். ஆர்ட்டீமியா முட்டை 28 டிகிரியில் ஒரே நாளில் பொரிந்துவிடுவதால், இந்த ஓர் இடத்தில் மட்டும் நம் வெப்பம் நமக்கு நண்பன். குஞ்சுகள் பெரும்பாலும் பசியால் இறப்பதில்லை. தரையில் அழுகும் மிச்ச உணவால்தான் இறக்கின்றன. தினமும் துளிக்குழாயால் அடித்தரையை உறிஞ்சி, போன அளவுக்கு அதே வெப்பநிலையில் உள்ள நீரை விடுங்கள்.

ஒன்றரை சென்டிமீட்டர் ஆனதும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். ஒரு தடவையில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் கிடைப்பது உண்டு, ஆகவே மிஞ்சும் குஞ்சுகளை யார் வாங்கிக்கொள்வார்கள் என்று முன்பே பேசி வையுங்கள். கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விடுவது வனவிலங்குச் சட்டத்தின்படி குற்றம்.