எல்என்ஏ போட்டும் சிக்னல் தேறவில்லையா?

மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து 137 மெகாஹெர்ட்ஸில் ரஷ்யாவின் மீட்டியோர் வானிலைச் செயற்கைக்கோளைப் பிடிப்பவர்கள், படத்தில் கறுப்புப் பட்டைகள் விழ ஆரம்பித்ததும் எல்என்ஏ, அதாவது குறை இரைச்சல் பெருக்கி, வாங்கப் போகிறார்கள். வாங்குவது சரி. ஆனால் வாங்கியதைக் கீழே கம்ப்யூட்டர் மேசையில், ரிசீவரோடு ஒட்டி மாட்டிவிடுகிறார்கள். அதிகம் பார்க்கிற தவறு இதுதான்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மாடியிலிருந்து இறங்கும் கேபிள் 4 டெசிபல் தின்கிறது, ரிசீவரின் இரைச்சல் எண் (ஒரு கருவி தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலின் அளவு, குறைந்தால் நல்லது) 6 டெசிபல், எல்என்ஏவின் இரைச்சல் எண் 1, பெருக்கம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்என்ஏ இல்லாமல் மொத்த இரைச்சல் எண் 10 டெசிபல். கேபிளின் கீழ்முனையில் எல்என்ஏவை மாட்டினால் 5.1. ஆன்டெனா முனையில் மாட்டினால் 1.3. அதே பொருள், அதே விலை, இடம் மட்டும் மாறியதில் கிட்டத்தட்ட 4 டெசிபல் லாபம்.

பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹெரால்ட் ஃப்ரீஸ் 1944இல் வெளியிட்ட சூத்திரம் சொல்வது இதைத்தான். வரிசையில் முதலில் நிற்பதன் இரைச்சல் முழுசாகச் சேரும். பின்னால் வருபவற்றின் இரைச்சல், முன்னால் கிடைத்த பெருக்கத்தால் வகுபட்டுச் சுருங்கிவிடும். கேபிளும் அந்த வரிசையில் ஓர் ஆள்தான் என்பதைத்தான் பலரும் மறக்கிறார்கள். அதில் தொலைந்ததைக் கீழே எவ்வளவு பெருக்கினாலும் மீட்க முடியாது, கூடவே இரைச்சலும் பெருகும். டிடிஎச் கிண்ணத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பிக்குள்ளும் எல்என்ஏதான் முதல் கட்டம்.

அடுத்தது பெருக்க மோகம். 20 டெசிபல் போதாது, இரண்டை வரிசையாகப் போட்டு 40 ஆக்கலாம் என்று நினைப்பது. மலிவாகக் கிடைக்கும் பல எல்என்ஏ பலகைகள் 50 மெகாஹெர்ட்ஸ் முதல் 4 கிகாஹெர்ட்ஸ் வரை வருகிற எல்லாவற்றையும் பெருக்கும். நகரத்தில் அதற்குள் முதலில் புகுவது எஃப்எம் நிலையங்கள். சென்னையில் 93.5, 106.4 இரண்டும் வலுவாக வந்தால், எல்என்ஏ திணறி 2 × 106.4 − 93.5, அதாவது 119.3 மெகாஹெர்ட்ஸில் இல்லாத ஒரு சிக்னலை உண்டாக்கும். அது விமானப் போக்குவரத்துப் பட்டை. 137இல் அப்படி எதுவும் தெரியாவிட்டாலும், எஃப்எம்மின் அழுத்தத்தில் எல்என்ஏ அமுங்கி, செயற்கைக்கோளின் மெல்லிய சிக்னலுக்குப் பெருக்கமே கிடைக்காமல் போகும்.

சந்தேகம் வந்தால் எல்என்ஏவுக்கு முன்னால் சிக்னலை 3 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உண்மையான சிக்னல் 3 டெசிபல் குறையும். மேலே சொன்ன மாதிரி பொய்ச் சிக்னல் 9 டெசிபல் சரியும். எஃப்எம் தொல்லை உறுதியானால் எஃப்எம்மை வெட்டும் ஃபில்டரை எல்என்ஏவுக்கு முன்னாலேயே வையுங்கள். ஃபில்டரின் இழப்பு, அரை டெசிபல் என்று வையுங்கள், அப்படியே இரைச்சல் எண்ணில் சேரும் என்பது உண்மைதான். ஆனாலும் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அந்த அரை டெசிபலைத் தயங்காமல் கொடுத்துவிடலாம். ஊருக்கு வெளியே என்றால் ஃபில்டர் பின்னால் போகட்டும்.

இரைச்சல் எண் 0.5 டெசிபல் உள்ள எல்என்ஏவுக்காக இரு மடங்கு விலை கொடுப்பதும் எல்லா இடத்திலும் பலிக்காது. இரைச்சலை வெப்பநிலையாகச் சொன்னால், 1 டெசிபல் என்பது சுமார் 75 கெல்வின், 0.5 என்பது 35 கெல்வின். 1.7 கிகாஹெர்ட்ஸில் கிண்ண ஆன்டெனா பார்க்கும் வானம் சில பத்து கெல்வின்தான் என்பதால் அங்கே இந்த 40 கெல்வின் பெரிய விஷயம். 137 மெகாஹெர்ட்ஸில் வானமே சில நூறு கெல்வின், நகரத்து மின்சாதனங்களின் இரைச்சல் தனி. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே சிற்றலை கேட்பவர்களுக்கு எல்என்ஏ பெரும்பாலும் தேவையே இல்லை.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். ரிசீவரில் ஆன்டெனா கேபிளைக் கழற்றி 50 ஓம் டெர்மினேட்டரை, அதாவது ஆன்டெனாவுக்குப் பதில் நிற்கும் சிறு மின்தடையை, மாட்டுங்கள். சிக்னல் இல்லாத ஓர் அலைவரிசையில் இரைச்சல் மட்டத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி கேபிளை மாட்டுங்கள். மட்டம் பல டெசிபல் ஏறினால், வெளி இரைச்சல் ஏற்கெனவே ரிசீவரின் இரைச்சலை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். எல்என்ஏ அங்கே எதையும் திருத்தாது, ஆன்டெனாவின் இடத்தை மாற்றுவதுதான் வழி. ஏறவே இல்லையா, தாராளமாக வாங்கலாம். வாங்கி மாட்டிய பிறகும் திரையில் கோடு உயர்ந்ததை வெற்றியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி கூடியதா என்று பாருங்கள்.

அப்புறம், மின்சாரம். மாடியில் இருக்கும் எல்என்ஏவுக்குக் கேபிள் வழியாகவே பயாஸ் டீ, அதாவது சிக்னல் வரும் கேபிளிலேயே மின்சாரத்தை ஏற்றிவிடும் இணைப்பு, மூலம் மின்சாரம் போகவேண்டும். அதை ரிசீவரின் மென்பொருளில் இயக்க மறந்தால், மின்சாரமில்லாத எல்என்ஏ சிக்னலை அடைத்துவிடும், பழி பலகையின் மேல் விழும். தனி அடாப்டர் கொடுப்பவர்கள் மலிவான போன் சார்ஜரைத் தவிர்க்கவேண்டும், அதன் இரைச்சல் நேராக உள்ளே வரும். பக்கத்தில் டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்கள் அனுப்பும்போது எல்என்ஏவைத் துண்டிக்க ஒரு ரிலே போட்டுவிடுங்கள்.