ஜாவா வலைச் செயலியில் எரர் பேஜ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரில் ஓடும் செயலிக்குச் சொந்த எரர் பேஜ் (பிழை வந்தால் காட்டும் பக்கம்) வைக்க, செயலியின் அமைப்புகள் இருக்கும் வெப்.எக்ஸ்எம்எல் ஃபைலில் நாலு வரி போதும்: எரர்-பேஜ் டேக், அதற்குள் ஸ்டேட்டஸ் கோட் (404, 500 போன்ற எண்) அல்லது எக்ஸெப்ஷனின் (ஜாவா கோட் வீசும் பிழையின்) முழுப்பெயர், ஸ்லாஷில் தொடங்கும் லொகேஷன். பிழை வந்ததும் கன்டெய்னர் (செயலியை ஓட்டும் டாம்கேட்) ரிக்வெஸ்ட்டை உள்ளுக்குள்ளேயே அந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். பிரவுசரில் முகவரி மாறாது. இதை மறப்பதால்தான் பல தவறுகள் வருகின்றன.

முதலில் சிஎஸ்எஸ். ‘/ஷாப்/ஐட்டம்/45’ முகவரியில் 500 (சர்வர் பிழை) வந்தால், ‘ஸ்டைல்/மெயின்.சிஎஸ்எஸ்’ என்று நீங்கள் எழுதியதை பிரவுசர் ‘/ஷாப்/ஐட்டம்/’ என்பதன் கீழே தேடும். பக்கம் உடைகளைந்து நிற்கும். கான்டெக்ஸ்ட் பாத்தை (முகவரியில் செயலியைக் குறிக்கும் முன்பகுதியை) முன்னால் சேர்த்தே எழுதுங்கள்.

கேட்ச் பிளாக்கில் சென்ட்ரீடைரக்ட் போட்டு எரர் பேஜுக்கு அனுப்பாதீர்கள். 302 (வேறு முகவரிக்குப் போ), அதன்பின் 200 (எல்லாம் சரி) என்றுதான் வெளியே தெரியும். தேடுபொறி அதை நல்ல பக்கம் என்று எடுத்துக்கொள்ளும், கண்காணிப்புக் கருவிக்கும் பிழை தெரியாது. செட்ஸ்டேட்டஸ் 404 என்று மட்டும் எழுதினாலும் எரர் பேஜ் வராது. அதற்கு சென்ட்எரர்தான் வேண்டும்.

பலரையும் குழப்புவது எக்ஸெப்ஷன் பொருத்தம். சர்வ்லெட் (ரிக்வெஸ்ட்டைக் கையாளும் ஜாவா கிளாஸ்) மெத்தட் எஸ்க்யூஎல்எக்ஸெப்ஷனை (டேட்டாபேஸ் பிழையை) நேராக வெளியே வீச முடியாது, அதைச் சர்வ்லெட்எக்ஸெப்ஷனுக்குள் வைத்துத்தான் வீசுவோம். கன்டெய்னர் முதலில் வெளி உறைக்குப் பொருந்தும் பக்கத்தைத் தேடும். கிடைக்காவிட்டால்தான் உள்ளே இருக்கும் மூலக் காரணத்தைப் பார்க்கும். ஆக, பொதுவாக இருக்கட்டும் என்று ஜாவா.லாங்.எக்ஸெப்ஷனுக்கோ த்ரோவபிளுக்கோ ஒரு பக்கம் வைத்தால், முதல் தேடலிலேயே அது பொருந்திவிடும். எஸ்க்யூஎல் பிழைக்கென்று செய்த பக்கம் வரவே வராது. பொதுப் பக்கத்தை ஸ்டேட்டஸ் கோட் 500-க்கு வையுங்கள். மூல எக்ஸெப்ஷனைக் கன்ஸ்ட்ரக்டரில் கொடுக்கவும் மறக்காதீர்கள். இல்லையென்றால் லாகில்கூட உண்மைக் காரணம் இருக்காது.

பாதிப் பக்கம் காட்டி நின்றுவிடுகிறதா? ஜேஎஸ்பியின் (ஹெச்டிஎம்எல்லை உருவாக்கும் பக்கத்தின்) பஃபர், அதாவது அனுப்புமுன் வெளியீட்டைச் சேர்த்துவைக்கும் இடம், பொதுவாக 8 கேபி. அது நிரம்பி ரெஸ்பான்ஸ் கிளம்பிவிட்டால் எரர் பேஜுக்கு வழியில்லை, அதன்பின் சென்ட்எரர் அழைத்தால் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன்தான் மிஞ்சும். பஃபரைப் பெருக்குவது ஒட்டுப்போடுவதுதான். டேட்டாபேஸ் வேலையை சர்வ்லெட்டிலேயே முடித்துவிட்டு, பிறகு ஜேஎஸ்பிக்கு ஃபார்வர்டு செய்வதே சரி.

எரர் பேஜ் எளிமையாக இருக்கட்டும். மெனுவுக்காக டேட்டாபேஸைத் தொடும் ஹெடரை அதில் இன்க்ளூட் செய்தால், டேட்டாபேஸ் விழும் நாளில் எரர் பேஜும் சேர்ந்து விழும். நீங்கள் பக்கம் வைக்காத பிழைகளுக்கு டாம்கேட் தன் சொந்தப் பக்கத்தை ஸ்டாக் ட்ரேஸோடும் (பிழை நடந்த கிளாஸ், மெத்தட்களின் பட்டியல்) வெர்ஷன் எண்ணோடும் காட்டும். கிளாஸ் பெயர்களை வெளியாளுக்குத் தருவது ஆபத்து. சர்வர்.எக்ஸ்எம்எல் ஃபைலின் ஹோஸ்ட் பகுதியில் எரர்ரிப்போர்ட்வால்வ் சேர்த்து, ஷோரிப்போர்ட், ஷோசர்வர்இன்ஃபோ இரண்டையும் ஃபால்ஸ் ஆக்குங்கள்.

டாம்கேட் 10-க்கு மாறுபவர்கள் கவனிக்க: பிழை விவரத்தை எரர் பேஜுக்குத் தரும் ரிக்வெஸ்ட் ஆட்ரிப்யூட்களின் பெயர்த் தொடக்கம் ‘ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட்.எரர்’ என்பதிலிருந்து ‘ஜகார்த்தா.சர்வ்லெட்.எரர்’ என்று மாறிவிட்டது. பழைய பெயர் வெறும் ஸ்ட்ரிங் என்பதால் கம்பைலர் பிடிக்காது, நல் மட்டுமே கிடைக்கும்.