வீட்டு ஹாலிலிருந்து மெகல்லன் மேகத்துக்கு: முதல் கேலக்ஸிப் பயணத்தை நடத்துவது எப்படி?

சனிக்கிழமை மாலையானால் பினாங்கு ஆயர் ஈத்தாமில் அக்கா வீட்டு ஹாலிலிருந்து, கதை விளையாட்டில், ஒரு விண்கப்பல் புறப்படும். பெயர் ‘மெர்போக்’. அக்கா மகன் கேப்டன், அவன் தங்கை வழிகாட்டி, எதிர்வீட்டுப் பையன் இன்ஜினியர். கதை சொல்வது நான். ஒரு பகடை, ஒரு நோட்டுப் புத்தகம், இவ்வளவுதான் சாமான்.

முதல் தடவை கப்பலை ஒரே தாவலில் ஆண்ட்ரோமெடா என்ற வேறொரு கேலக்ஸியில் இறக்கினேன். “அவ்வளவுதானா மாமா?” என்று கேட்டான் கேப்டன். தூரம் தெரியாமல் போனால் போன மாதிரியே இருக்காது என்று அன்றைக்குப் புரிந்தது. அதனால் தூரத்திலிருந்தே தொடங்குவோம்.

படி 1: தட்டை வையுங்கள்

20 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு ஒன்றை மேசையில் வையுங்கள். அதுதான் நம் பால்வெளி, நாம் இருக்கும் கேலக்ஸி, அதாவது நட்சத்திரங்களின் பெருங்கூட்டம். ஏறக்குறைய 1,00,000 ஒளியாண்டு அகலம் (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு). அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் 5,000 ஒளியாண்டு. தட்டின் நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கடுகை வையுங்கள், நம் சூரியன் அங்கே இருக்கிறது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமும் அந்தக் கடுகுக்குள்ளேயே அடங்கிவிடும்.

இப்போது அளவு நாடாவை எடுங்கள். பெரிய மெகல்லன் மேகம், பால்வெளிக்குப் பக்கத்திலுள்ள ஒரு சின்ன கேலக்ஸி, 32 சென்டிமீட்டரில், அதே மேசையில்தான். ஆண்ட்ரோமெடா 5 மீட்டர் தள்ளி. எங்கள் வீட்டில் இரண்டாவது தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்த கேப்டன், சோபாவைத் தாண்டி வாசல் கிரில் வரை போய் நின்றான். அங்கிருந்து மேசையைத் திரும்பிப் பார்த்தவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இந்தப் படியை மட்டும் தவிர்க்காதீர்கள்.

படி 2: வேகத்துக்கு ஒரு சட்டம்

மூன்று வழி உண்டு. முதலாவது, இன்றைய வேகம். வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் ஆண்ட்ரோமெடாவுக்கு 4,400 கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். இது விளையாட்டுக்கு ஆகாது.

இரண்டாவது, பாதி வழி வரை விடாமல் வேகத்தைக் கூட்டுவது, பிறகு கப்பலைத் திருப்பி வேகத்தைக் குறைத்துக்கொண்டே போவது. பூமியில் நிற்கும்போது உணரும் அதே எடை கப்பலிலும் இருக்கும்படி வேகத்தைக் கூட்டினால், ஒளியின் வேகத்தை மிக நெருங்கிவிடலாம். அப்போது கப்பலின் கடிகாரம் மெதுவாகிவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு 28, 29 ஆண்டில் ஆண்ட்ரோமெடா வந்துவிடும், பூமியில் 25 லட்சம் ஆண்டு ஓடியிருக்கும். அறிவியல் இதைத் தடுக்கவில்லை, அவ்வளவு எரிபொருளுக்குத்தான் வழியில்லை. “அப்போ அம்மா?” என்று வழிகாட்டி கேட்டாள். பெரியவர்களோடு விளையாடினால் இந்த வழியை எடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட கனமான கதை கிடையாது.

மூன்றாவது, தாவல். இது முழுக்கக் கற்பனை, அதனால்தான் விலை வைக்க வேண்டும். எங்கள் சட்டம் இது: ஒரு தாவலுக்கு 20,000 ஒளியாண்டு, அதாவது மேசையில் 4 சென்டிமீட்டர். அப்புறம் இன்ஜின் ஆற மூன்று நாள். மெகல்லன் மேகத்துக்கு 8 தாவல், 24 நாள். ஆண்ட்ரோமெடாவுக்கு 125 தாவல், ஒரு வருஷத்துக்கும் மேல். புதிதாகத் தொடங்குபவர்கள் மெகல்லன் மேகத்துக்கே போங்கள். சட்டத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் மாற்ற வேண்டாம்.

படி 3: காத்திருக்கும் நாள்கள்

அந்த மூன்று நாளில்தான் கதை நடக்கும். அந்தக் காலத்தில் வங்கக் கடலைத் தாண்டி கடாரத்துக்கு, அதாவது இன்றைய கெடாவுக்கு, வந்த வணிகர்கள், காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் துறையில் தங்கினார்கள். அங்கே பூஜாங் பள்ளத்தாக்கில் அந்தக் காலக் கோயில் அடித்தளங்கள் இன்னும் இருக்கின்றன. சரக்கைப் பிரிப்பது, சண்டை, சமாதானம், ஊருக்குச் சேதி எழுதுவது, எல்லாவற்றையும் கப்பலுக்குள் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு பகடை வீச்சு போதும். ஒன்று விழுந்தால் ஏதோ பழுது.

படி 4: ஜன்னலில் என்ன தெரியும்?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கிட்டே போகப் போக கேலக்ஸி கண்ணைக் கூசும்படி ஜொலிக்கும் என்று சொல்லிவிடுகிறார்கள். ஜொலிக்காது. வெளிச்சம் எவ்வளவு கூடுகிறதோ, வானத்தில் அது அடைக்கும் இடமும் அவ்வளவே கூடிவிடும். ஆகவே பெரிதாகும், வெளிறியே இருக்கும். ஆண்ட்ரோமெடா இப்போதே நம் வானத்தில் ஆறு நிலவு அகலம், ஆனாலும் வெறுங்கண்ணுக்கு ஒரு மங்கல் திட்டுதான். பாதி வழியில் நின்றால் முன்னே ஒரு திட்டு, பின்னே ஒரு திட்டு, சுற்றிலும் நட்சத்திரமே இல்லாத இருட்டு. விளக்கை அணைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்.

மெகல்லன் மேகத்தில் இறங்கியதும் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஏறக்குறைய 10 பாகை. பால்வெளி மூன்றரை முஷ்டி அகலத்துக்கு வானத்தில் சாய்ந்து கிடக்கும்.

படி 5: வழி அடையாளம்

கடாரத்துக்கு வந்த மாலுமிகளுக்கு ஜெராய் மலை அடையாளம். உங்கள் கப்பலுக்குப் பல்சர்கள். இவை வேகமாகச் சுழலும் நட்சத்திர எச்சங்கள். சீரான துடிப்பு உள்ளவை, ஒவ்வொன்றுக்கும் தாளம் வேறு. 1972இல் புறப்பட்ட பயோனியர் 10 கலத்தின் தகட்டிலேயே 14 பல்சர்களை வைத்து சூரியனின் இடத்தைக் குறித்திருந்தார்கள். வழிகாட்டிக்கு மேசையில் விரலால் தட்டும் மூன்று தாளம் சொல்லிக்கொடுங்கள். எந்தத் தாளம் எந்தப் பக்கம் என்று அவள்தான் நினைவில் வைக்க வேண்டும்.

புறப்படும் முன்

ஜனவரியில் மேகமில்லாத ஓர் இரவு, பத்து மணி வாக்கில், தெலுக் கும்பார் போன்ற தெற்குக் கடற்கரையில் இருட்டான இடமாகப் பார்த்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஜார்ஜ் டவுன் வெளிச்சத்தில் பெரிய மெகல்லன் மேகம் தெரியாது. நேர் தெற்கே, கடலுக்கு மேல் ஒன்றரை முஷ்டி உயரத்தில், ஒரு சின்ன வெண்புகை மாதிரி இருக்கும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். தெரிந்ததும், “அங்கேதான் போறோம்” என்று சொல்லுங்கள். பகடையை வீட்டுக்கு வந்து வீசிக்கொள்ளலாம்.