அம்மா போடும் புள்ளியும் நாங்கள் விடும் பிழைகளும்

"பிள்ளை இப்ப எப்படி?" என்று கேட்டால் வன்னியில் அநேகமான தாய்மார் சொல்லும் பதில் "பரவாயில்லை மிஸ்" தான். இரண்டு பஸ் மாறி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தவர், எதிரே இருப்பவரின் மனம் நோக ஏன் பேசப் போகிறார்? அந்தப் "பரவாயில்லை"யைப் பத்துக்கு ஏழு என்று பதிவதுதான், சாப்பாடு, குளிப்பு, உடுப்பு போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையில் (occupational therapy) நாங்கள் விடும் முதற்பிழை. நானும் விட்டிருக்கிறேன்.

1991இல் கனடாவில் வெளிவந்த சிஓபிஎம் (Canadian Occupational Performance Measure) என்ற அளவுகோல் பல நாடுகளில் புழங்குகிறது. அன்றாடம் எது கஷ்டம் என்று குடும்பமே சொல்லும். அதில் முக்கியமான ஐந்து வரை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை இரண்டு புள்ளி: பிள்ளை எவ்வளவு செய்கிறது, அதில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி. சில கிழமை கழித்துத் திரும்பக் கேட்போம். 2 புள்ளி கூடினால் உண்மையான மாற்றம் என்று கொள்வது வழக்கம்.

ஆனால் இலக்கை நாங்களே எழுதிவிடுகிறோம். எங்கள் தாளில் "பென்சில் பிடித்தல்". தாயின் மனதிலோ கிணற்றடியில் அழாமல் குளிப்பது.

அடுத்தது, யார் பதில் சொன்னார் என்பது. தாய் விடியமுன் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். புட்டைக் குழைத்துத் தீத்துவது அம்மம்மா. முதல்முறை அம்மம்மா 3 போட்டு, அடுத்தமுறை தாய் 6 போட்டால், கூடிய மூன்றும் பிள்ளையுடையதென்று எப்படிச் சொல்வது? பதில் சொன்னவரின் உறவைத் தாளில் குறியுங்கள். கேட்கும் காலமும் அப்படித்தான். கார்த்திகை மழையில் கேட்ட குளிப்பையும் பங்குனி வெயிலில் கேட்ட குளிப்பையும் ஒப்பிட முடியாது.

"செய்வானா?" என்பதும் "செய்கிறானா?" என்பதும் வேறு வேறு. கிளினிக்கில் நாலு சட்டைத் தெறியும் பூட்டுவான். வீட்டில், பள்ளிக்கூட நேரம் நெருங்கினால் அம்மாவே பூட்டிவிடுவார். இரண்டும் உண்மை. "போன கிழமை எத்தனை நாள் தானே பூட்டினான்?" என்று கேட்டால்தான் வீட்டுக்குள் நடப்பது தெரியும்.

புள்ளி குறைந்தால் பதறுவது இன்னொரு பிழை. தொடக்கத்தில் சாப்பாட்டுக்கு 5 போட்ட தாய், பிள்ளை தன் கையால் சாப்பிடத் தொடங்கிய பிறகு 4 போடலாம். பிள்ளையால் இவ்வளவு முடியும் என்று கண்டதும் அவருடைய எதிர்பார்ப்பு ஏறிவிட்டது, அவ்வளவுதான். "அண்டைக்கு இருந்த நிலைக்கு இப்ப எத்தனை போடுவீங்கள்?" என்று கேளுங்கள், 2 என்பார். சரி, அதற்காகப் பழைய 5ஐ அழித்துவிடாதீர்கள். மூன்று எண்ணும் தாளில் இருக்கட்டும்.

திருப்திப் புள்ளியைச் செயல் புள்ளியோடு கூட்டிச் சராசரி எடுப்பவர்களும் உண்டு. அங்கேதான் விஷயமே தொலைகிறது. செயல் 3இலிருந்து 6க்கு ஏறியிருக்கும், திருப்தி 4இலேயே நிற்கும். ஏன் என்று கேட்டால், "தானே சாப்பிடுறான் மிஸ், ஆனா நாளுக்கு ரெண்டு சட்டை கூடத் தோய்க்க வேண்டிக் கிடக்கு" என்பார். அப்போது அடுத்த மாதத்துக்குத் தேவை புதுப் பயிற்சியல்ல, விளிம்பு உயர்ந்த ஒரு கோப்பை.